கோப்பின் நேர முத்திரையும் கடிகார விலகலும்: மின்பதிப்பு வரலாற்றில் காலச் சான்றின் தகுதி

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் நூல்களின் மின்பதிப்புப் பணிகள் பலர் கூடிச் செய்யும் கணினிப் பணிகளாக மாறிவருகின்றன. அவற்றில் ஒரு பாடத்திருத்தம் எப்போது நிகழ்ந்தது, எது முந்தியது என்னும் வினாக்களுக்குக் கோப்பில் காணும் நாளும் நேரமும் சான்றாகக் காட்டப்படுகின்றன. கோப்பின் நேர முத்திரை எவ்வாறு உருவாகிறது, கணினிக் கடிகாரங்கள் ஏன் விலகுகின்றன, பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்விலகலை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நேரக் குறிப்பைவிடப் பதிவுகளுக்கு இடையிலான தாய்–சேய் உறவே முன்பின் வரிசைக்கு வலிமையான சான்று என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: நேர முத்திரை, கடிகார விலகல், பதிப்புக் கட்டுப்பாடு, கிட், பாடத்திருத்தம், மின்பதிப்பு, காலச் சான்று.

1. முன்னுரை

ஏட்டுச்சுவடிகளின் காலத்தை ஆராய்வோர் இருவகைச் சான்றுகளை வேறுபடுத்திக் காண்பர். ஒன்று, ஏட்டின் இறுதியில் எழுதியவர் தரும் நாட்குறிப்பு. மற்றொன்று, ஏடுகளுக்கு இடையே பாட ஒப்பீட்டால் உய்த்துணரப்படும் தாய்–சேய் உறவு. நாட்குறிப்பு நேரடியானது; ஆயினும் ஐயத்திற்கு இடந்தருவது. பிரபவ முதலிய 60 ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் தரப்பட்டிருப்பின் எந்தச் சுற்று என்பது விளங்காது. தாய் ஏட்டில் இருந்த நாட்குறிப்பைப் படியெடுத்தவர் அப்படியே எழுதிவைத்தலும் உண்டு. அந்நிலையில் அந்நாள் சேய் ஏட்டின் நாளன்று. தாய்–சேய் உறவோ ஆண்டு எதனையும் கூறுவதில்லை. ஆனால் எது முந்தியது என்பதை உறுதிபடக் கூறவல்லது.

இதே வேறுபாடு கணினிக் கோப்புகளுக்கும் பொருந்தும். கோப்பின்மேல் காணும் நாளும் நேரமும் நாட்குறிப்பை ஒத்தவை. பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு பேணும் பதிவுச் சங்கிலி தாய்–சேய் உறவை ஒத்தது. மின்பதிப்பு வரலாற்றை எழுதுவோர் முன்னதை எளிதில் நம்பிவிடுகின்றனர். அவ்வாறு நம்பினால் ஒருவர் கண்ட பாடம் மற்றொருவர் பெயரில் வரலாறாகிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே, நேர முத்திரையின் தகுதியை அளந்தறிதல் பதிப்பியலின் தேவையாகிறது.

‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்னும் கணினித் துறைச் சொல்லில் ‘பதிப்பு’ என்பது அச்சிட்ட நூற்பதிப்பைக் குறிப்பதன்று. ஒரு கோப்புத் தொகுதி அடுத்தடுத்து அடைந்த நிலைகளுள் ஒவ்வொன்றையும் குறிப்பது. இக்கட்டுரையில் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

2. நேர முத்திரையின் இயல்பு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் நேரத்தை, 1970 சனவரி 1 நள்ளிரவு (உலகப் பொதுநேரம்) முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாகக் குறிக்கின்றன. எடுத்துக்காட்டாக 1700000000 என்னும் எண் உலகப் பொதுநேரப்படி 2023 நவம்பர் 14 இரவு 10:13:20 ஆகும். அதே கணம் இந்திய நேரப்படி நவம்பர் 15 அதிகாலை 3:43:20 ஆகும். ஒரே கணத்திற்கு இரு வேறு நாள்கள் அமைவதால், நேர வலயத்தைக் கூறாது நாளை மட்டும் கூறுதல் குறைபாடுடையது என்பது பெறப்படும்.

ஒவ்வொரு கோப்புக்கும் பொதுவாக மூன்று நேரங்கள் குறிக்கப்படுகின்றன: உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், கோப்பைப் பற்றிய விவரங்கள் மாறிய நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். பயனர் திரையில் காண்பது பெரும்பாலும் முதலாவது. இது ஆக்கிய நேரம் அன்று. கடைசியாக எழுதப்பட்ட நேரம் மட்டுமே. எழுதியது ஆசிரியரா, ஒரு மென்பொருளா என்பதையும் அது கூறுவதில்லை.

தமிழ் மின்னுரைகளின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க விளைவை உடையது. 1998-இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் போன்ற தொகுப்புகளில் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் தட்டெழுதப்பெற்ற நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. குறியேற்ற மாற்றம் கோப்பை முழுவதுமாகப் புதிதாக எழுதும் செயலாகும். ஆகவே ஒருங்குறிக் கோப்பின் நேர முத்திரை மாற்றம் நிகழ்ந்த நாளைக் காட்டும். தட்டெழுதிய நாளைக் காட்டாது. இதனைக் கொண்டு அந்நூல் மின்வடிவம் பெற்ற காலத்தை வரையறுத்தல் பிழையாகும்.

நேரத்தின் நுண்மையும் சேமிப்பு முறைமைக்கேற்ப வேறுபடும். விரலிகளில் இன்றும் காணப்படும் ஃபேட்32 முறைமை மாற்ற நேரத்தை 2 நொடிக்கு ஒருமுறை என்னும் நுண்மையில் மட்டும் குறிக்கிறது. அதனையும் உள்ளூர் நேரமாகக் குறித்து, வலயத்தைக் குறிப்பதில்லை. சென்னையில் காலை 10:00 மணிக்குச் சேமித்த கோப்பைக் கோலாலம்பூர்க் கணினி படிக்கும்போது அதனை மலேசிய நேரம் 10:00 எனக் கொள்ளும். அஃதாவது, உண்மைக் கணத்திற்கு இரண்டரை மணி நேரம் முந்தியதாகக் கருதும். என்டிஎஃப்எஸ் முறைமை உலகப் பொதுநேரத்தை 100 நானோநொடி நுண்மையில் பேணுகிறது. இலினக்ஸின் எக்ஸ்ட்3 நொடி நுண்மையையும், எக்ஸ்ட்4 நானோநொடி நுண்மையையும் உடையன. ஒரு கோப்பு ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது நுண்மை இழக்கப்படுகிறது. இழந்ததை மீட்டல் இயலாது.

3. கடிகாரம் விலகும் காரணங்கள்

கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் பெரும்பாலும் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்சுப் படிகத்தால் இயங்குவது. இவ்வெண் 2-இன் 15-ஆம் அடுக்காகும். இதனை 15 முறை பாதியாக்கினால் ஒரு நொடித் துடிப்புக் கிடைக்கும். வெப்பநிலை, படிகத்தின் முதுமை, தயாரிப்பு வேறுபாடு ஆகியவற்றால் அதிர்வெண் சிறிது மாறும். பத்து இலட்சத்திற்கு 20 பங்கு என்னும் சிறு மாற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி ஆகும். ஓராண்டில் அது பத்து நிமிடத்தைக் கடந்துவிடும். காலப்போக்கில் சிறிது சிறிதாகச் சேரும் இப்பிறழ்ச்சியை ‘நகர்வு’ எனவும், ஒரு கணத்தில் இரு கடிகாரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை ‘விலகல்’ எனவும் இக்கட்டுரை குறிக்கிறது.

இணையத்தோடு இணைந்த கணினிகளில் டேவிட் மில்ஸ் உருவாக்கிய வலைப்பின்னல் நேர நெறிமுறை இவ்விலகலைத் திருத்துகிறது. 1985-இல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. இந்நெறிமுறை செயற்படும் கணினியில் விலகல் பொதுவாக ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அடங்கும். எனினும் இணையமின்றி நெடுநாள் இயங்கும் கணினி, நினைவகக் கடிகாரத்தின் மின்கலம் தீர்ந்த கணினி, நேர வலயம் தவறாக அமைக்கப்பட்ட கணினி ஆகியவற்றில் விலகல் நிமிடங்களாகவோ, மணிகளாகவோ, ஆண்டுகளாகவோ இருக்கக்கூடும். களப்பணியில் சுவடிகளைப் படியெடுக்கும் மடிக்கணினிகள் இவ்வகைக்குள் அடங்குதல் அரிதன்று.

அரசு எடுக்கும் முடிவாலும் கடிகார நேரம் மாறும். இலங்கை 1996-இல் தன் நேர வலயத்தை முன்தள்ளியது. 2006 ஏப்ரலில் உலகப் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முந்திய பழைய வலயத்திற்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் கோப்புகளில் வலயமின்றிக் குறிக்கப்பட்ட உள்ளூர் நேரத்தை இன்றைய வலயத்தைக் கொண்டு கணித்தல் தவறான கணத்தைத் தரும்.

4. பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் காலம்

4.1 மைய அமைப்புகள்

மார்க் ராச்கைண்ட் 1972-இல் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ் ஆகியன ஒரே கணினியில் இயங்கியவை. பின்வந்த சிவிஎஸ், 2000-இல் தொடங்கப்பெற்ற சப்வெர்ஷன் ஆகியன மைய வழங்கியைக் கொண்டவை. சப்வெர்ஷனில் ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் வழங்கியே இடுகிறது. பங்களிப்போரின் கடிகாரங்கள் எவ்வளவு விலகியிருப்பினும் பதிவு வரிசை ஒரே கடிகாரத்தைச் சார்ந்திருக்கும். பதிவெண்ணும் ஒன்றொன்றாக உயர்ந்து செல்லும்.

இங்கும் இடர் இல்லாமல் இல்லை. சப்வெர்ஷனில் பதிவு நாள் என்பது பின்னர் மாற்றத்தக்க ஒரு பண்பாகும். குறித்த நாளுக்குரிய நிலையைக் கேட்டால் அமைப்பு, பதிவு நாள்கள் ஏறுவரிசையில் அமைந்துள்ளன எனக் கொண்டு இருகூறாக்கித் தேடும். வேறோர் அமைப்பின் பழைய வரலாறு இடையில் இணைக்கப்பட்டு நாள்கள் வரிசை மாறியிருப்பின் அத்தேடல் தவறான விடையைத் தரக்கூடும்.

4.2 பரவல் அமைப்புகள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய ‘கிட்’, அதே ஆண்டில் தோன்றிய ‘மெர்க்குரியல்’ ஆகியவற்றில் மைய வழங்கி கட்டாயமன்று. ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் தம் கணினியில் வைத்திருப்பர். தம் கடிகாரத்தைக் கொண்டே பதிவு செய்வர். எனவே ஒரு திட்டத்தில் எத்தனை கணினிகள் உள்ளனவோ அத்தனை கடிகாரங்கள் அதன் வரலாற்றை எழுதுகின்றன.

கிட்டில் ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் கோப்புத் தொகுதியின் நிலை, தாய்ப்பதிவின் அடையாளம், ஆக்கியவர் பெயரும் நேரமும், பதிவிட்டவர் பெயரும் நேரமும், விளக்கக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டது. இவை அனைத்திலிருந்தும் கணிக்கப்படும் எண்ணே அப்பதிவின் அடையாளம். வழக்கமான வடிவில் அது 40 பதினறும இலக்கங்களை உடையது. நேரம் நொடி எண்ணாகவும், அதனருகே வலயம் +0530 என்பது போலவும் எழுதப்படும். இந்தியாவும் இலங்கையும் இன்று ஒரே வலயத்தைப் பகிர்வதால், இவ்வலயக் குறிப்பை எழுதிய இடத்திற்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

ஆக்கிய நேரம், பதிவிட்ட நேரம் என இரண்டு இருத்தல் பதிப்பாய்வுக்குப் பயனுடையது. ஒருவர் அனுப்பிய திருத்தத்தை மற்றொருவர் தம் வரலாற்றில் ஏற்றும்போது ஆக்கிய நேரம் மாறாது நிற்கும். பதிவிட்ட நேரம் புதிதாக அமையும். தாய் ஏட்டின் நாட்குறிப்பும் படியெடுத்த நாளும் ஒருங்கே எழுதப்பட்ட ஏட்டினை இது ஒத்தது. எனினும் இவ்விரு நேரங்களையும் பயனர் தாம் விரும்பியவாறு அமைத்துக்கொள்ள கிட் இடந்தருகிறது. நேரம் சரியா என அது சோதிப்பதில்லை.

அடையாள எண்ணின் கணிப்பில் நேரமும் சேர்வதால், பகிரப்பட்ட பதிவின் நேரத்தைப் பின்னர் மாற்றினால் அதன் அடையாளமும், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தின் அடையாளங்களும் மாறிவிடும், மாற்றம் வெளிப்படும். ஆகவே எழுதப்பட்ட நேரம் பின்னர் மாற்றப்படவில்லை என்பதற்கு அடையாள எண் சான்றாகும். எழுதும்போதே அது உண்மையாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது. மாறாமை வேறு, வாய்மை வேறு.

5. கிட் கோப்பின் நேரத்தைப் பேணாமை

கிட் உள்ளடக்கத்தைப் பேணுகிறதே அன்றிக் கோப்பின் மாற்ற நேரத்தைப் பேணுவதில்லை. ஒரு திட்டத்தைப் புதிதாகப் படியெடுக்கும்போது எல்லாக் கோப்புகளும் படியெடுத்த கணத்தின் நேரத்தையே பெறும். பத்தாண்டுப் பழைமையுடைய உரைக்கோப்பும் இன்று எழுதப்பட்டதாகத் தோன்றும். இது குறைபாடன்று, கருதிச் செய்யப்பட்டது.

ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி, மூலக் கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து உருவான கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மூலம் பிந்தியதாயின் மட்டும் மீண்டும் உருவாக்கும். குறியிட்ட மூலவுரையிலிருந்து அச்சுக்குரிய பிடிஎஃப் உருவாக்கும் மின்பதிப்புப் பணிகளிலும் இக்கருவி பயன்படுகிறது. பழைய நிலையொன்றை மீட்கும்போது மூலக் கோப்புக்குப் பழைய நேரமும் திரும்புமாயின், ஏற்கெனவே உள்ள பிடிஎஃப் அதனினும் புதியதாகத் தோன்றும். ‘மேக்’ அதனை மீண்டும் உருவாக்காது. மூலத்தில் ஒரு பாடமும் அச்சில் மற்றொரு பாடமும் நிற்கும். இதனைத் தவிர்க்கவே மீட்கப்பட்ட கோப்புக்குப் புதிய நேரம் தரப்படுகிறது.

கடிகார விலகல் இவ்விடரை வேறு வழியில் கொண்டுவரும். மூலவுரை வலைப்பின்னல் வட்டில் உள்ளது. அதன் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியுள்ளது. பிடிஎஃப் உள்ளூர் வட்டில் உருவாகிறது எனக் கொள்வோம். பிடிஎஃப் உருவான 3 நிமிடத்திற்குப்பின் ஒரு பாடம் திருத்தப்பட்டால், மூலத்தின் நேரம் பிடிஎஃப்பின் நேரத்திற்கு 2 நிமிடம் முந்தியதாகவே பதியும். திருத்தம் அச்சுக்குச் செல்லாது, எச்சரிக்கையும் தோன்றாது. வட்டின் கடிகாரம் முந்தியிருந்து, கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றும்போது மட்டுமே ‘மேக்’ விலகலைக் கண்டு எச்சரிக்கும்.

6. தமிழ் எழுத்துகளும் நேர நுண்மையும்

ஒரு கோப்பு மாறியதா என அறிய, கிட் ஒவ்வொரு முறையும் உள்ளடக்கம் முழுவதையும் படிப்பதில்லை; காலம் மிகும். கோப்பின் அளவு, மாற்ற நேரம் முதலிய விவரங்களை ‘இண்டெக்ஸ்’ என்னும் கோப்பில் குறித்துவைத்து அவற்றை மட்டும் ஒப்பிடும். அளவும் நேரமும் மாறாதிருப்பின் உள்ளடக்கமும் மாறவில்லை எனக் கொள்ளும்.

இவ்விடத்தில் தமிழுக்குரிய ஓர் இயல்பு கருதத்தக்கது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைப் பெறும். எனவே லகரத்தை ளகரமாகவோ ழகரமாகவோ, ரகரத்தை றகரமாகவோ, னகரத்தை ணகரமாகவோ மாற்றினால் கோப்பின் அளவு மாறாது. கெ என்பதைக் கே ஆக்கினும், காலாக எழுதப்பட்டதை ரகரமாகக் கொள்ளினும் அவ்வாறே. ஏடுகளில் எகர ஏகார வேறுபாடும் காலுக்கும் ரகரத்திற்கும் உள்ள வேறுபாடும் தெளிவாக எழுதப்படாமையால், பாடத்திருத்தங்களில் பெரும்பகுதி இத்தகையனவே. புள்ளி சேர்த்தாலோ நீக்கினாலோ மட்டும் அளவு 3 பைட் கூடும் அல்லது குறையும். ஆகவே பாடத்திருத்தத்தில் கோப்பளவு நம்பத்தகுந்த அறிகுறியன்று. நேரமே எஞ்சி நிற்கிறது.

பதிவு செய்த அதே நொடிக்குள், நொடி நுண்மையுடைய வட்டில், ஒரு நிரல் பல கோப்புகளில் லகர ளகரத் திருத்தம் செய்யுமாயின் அளவும் நேரமும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும். கிட் இந்நிலையை முன்னறிந்து தீர்வு கண்டுள்ளது. ஒரு கோப்பின் மாற்ற நேரம் இண்டெக்ஸ் எழுதப்பட்ட நேரத்திற்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருப்பின், அக்கோப்பின் நேரத்தை நம்பாது உள்ளடக்கத்தையே ஒப்பிடும். நேரம் ஐயத்திற்குரியதாகும்போது பாடத்தையே நோக்குக என்னும் இவ்விதி பதிப்பியலார்க்குப் புதிதன்று.

அளவையும் நேரத்தையும் மட்டும் கொண்டு படியெடுக்கும் காப்புக் கருவிகள் எல்லாம் இத்தகைய தீர்வைக் கொண்டிருக்கும் எனக் கருதுதல் கூடாது. தமிழ்க் கோப்புகளைக் காப்பெடுக்கும்போது உள்ளடக்கச் சரிபார்ப்பெண்ணை ஒப்பிடும் முறையைத் தெரிவுசெய்தல் நலம்.

7. முன்பின் வரிசை: நேரமா, உறவா?

‘அ’, ‘ஆ’ என்னும் இரு பதிப்பாசிரியர் வெவ்வேறு கணினிகளில் பணிசெய்வதாகக் கொள்வோம். உண்மை நேரம் 10:00 மணிக்கு ‘அ’ ஒரு பாடத்தைத் திருத்திப் பதிவிடுகிறார். ‘ஆ’ அப்பதிவைப் பெற்று, 10:10 மணிக்கு அதன்மேல் மற்றொரு திருத்தம் செய்கிறார். ‘ஆ’வின் கடிகாரம் 25 நிமிடம் பின்தங்கியுள்ளது. எனவே அவருடைய பதிவு 9:45 எனக் குறிக்கப்படும். நேரத்தை மட்டும் நோக்கின் ‘ஆ’வே முந்தியவர். உறவை நோக்கினால் உண்மை விளங்கும்: ‘ஆ’வின் பதிவு ‘அ’வின் பதிவு அடையாளத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. அவ்வடையாளம் ‘அ’வின் பதிவு உருவாவதற்கு முன் எவராலும் அறியப்பட இயலாதது. ஆகவே சேய்ப்பதிவு தாய்ப்பதிவிற்குப் பிந்தியதே என்பது கடிகாரத்தைச் சாராமல் நிறுவப்படுகிறது.

லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குக் கொள்கை அடிப்படையைத் தந்தது. பரவிய கணினிகளுக்கு இடையே நிகழ்வு வரிசை என்பது கடிகார எண்களால் அன்றி, ஒரு நிகழ்வின் செய்தி மற்றொன்றை எட்டியிருத்தலால் வரையறுக்கப்படுகிறது என்பது அவர் காட்டிய நெறி. இதன்படி, ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்த இரு பதிவுகளுக்கு முன்பின் வரிசை உறவினால் அமைவதில்லை, அவை உடனிகழ்வன. அத்தகைய பதிவுகளுள் எது முந்தியது எனக் கூறக் கடிகாரமே துணை. அக்கடிகாரங்களின் விலகல் தெரியாதவரை அக்கூற்று ஊகமே.

கிட் தானும் நடைமுறையில் விரைவு கருதி நேரத்தைச் சார்ந்தே வரலாற்றை நடந்து காண்கிறது. குறித்த நாளுக்குப் பிந்திய பதிவுகளைக் கேட்கும்போது, பழைய நேரமுடைய பதிவைக் கண்டதும் அதற்கு அப்பால் உள்ளனவும் பழையன எனக் கருதி நடையை நிறுத்தக்கூடும். ஒரு கணினியின் நேரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், அதற்கு அப்பால் உள்ள தகுதியான பதிவுகள் பட்டியலில் விடுபடலாம். இதற்கு மாற்றாக ஒவ்வொரு பதிவுக்கும் ‘தலைமுறை எண்’ கணித்து வைக்கும் முறை 2018 முதல் அறிமுகமாயிற்று. தாயற்ற முதற்பதிவின் எண் 1. பிறவற்றின் எண் தம் தாய்ப்பதிவுகளுள் மிகப்பெரிய எண்ணோடு 1 கூட்டியது. 2021-இல் ‘திருத்திய பதிவு நேரம்’ என்னும் அளவு சேர்ந்தது. ஒரு பதிவின் நேரம் தாயின் நேரத்திற்கு முந்தியிருப்பின், தாயின் திருத்திய நேரத்தோடு ஒரு நொடி கூட்டி அதன் நேரமாகக் கொள்ளப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ‘ஆ’வின் 9:45 என்பது கணிப்பில் 10:00:01 ஆகும். உறவைக் கொண்டு நேரம் திருத்தப்படுகிறதே அன்றி நேரத்தைக் கொண்டு உறவு திருத்தப்படுவதில்லை என்பது நோக்கத்தக்கது.

உறவுச் சான்றுக்கும் எல்லை உண்டு. ‘ரீபேஸ்’ என்னும் செயலால் பழைய திருத்தங்கள் புதிய தாய்ப்பதிவின்மேல் மீண்டும் எழுதப்படலாம். அப்போது பதிவுகள் உருவான வரிசை சரியாகவே இருக்கும். பாடம் முதலில் எண்ணப்பட்ட வரிசை மறைந்துவிடும். ஆக்கிய நேரம் பதிவிட்ட நேரத்திலிருந்து பெரிதும் வேறுபட்டிருத்தல் இத்தகைய மறுபதிவிற்கான அறிகுறியாகும்.

8. காலச் சான்றுகளை வரிசைப்படுத்தல்

மேற்கண்டவற்றால் மின்பதிப்பு வரலாற்றுச் சான்றுகளை அவற்றின் வலிமைக்கேற்பப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, தாய்–சேய் உறவு. இது கணத்தைக் கூறாது. வரிசையை உறுதியாகக் கூறும். இரண்டாவது, ஆக்கியவரைச் சாராத பிறர் தரும் நேரம். வழங்கி ஒரு பதிவைப் பெற்றபோது தன் குறிப்பேட்டில் எழுதிய நேரமும், 2001-இல் வரையறுக்கப்பட்ட நம்பகநேர நெறிமுறைப்படி மூன்றாம் தரப்பு கையொப்பமிட்ட நேரமும் இவ்வகையின. இவை ‘இந்நேரத்திற்குள் இப்பதிவு இருந்தது’ என்னும் பின்னெல்லையைத் தரும். மூன்றாவது, பதிவினுள் உள்ள ஆக்கிய நேரமும் பதிவிட்ட நேரமும். இவை எழுதியவரின் கூற்றுகள். பதிவில் மின்கையொப்பம் இருப்பினும் அது எழுதியவர் யார் என்பதற்கே சான்று; எப்போது என்பதற்கு அன்று. நான்காவது, கோப்பின்மேல் காணும் மாற்ற நேரம். துணைச்சான்று இன்றி இதனைத் தனித்து ஆளுதல் தகாது.

முதலிரண்டையும் இணைத்தால் ஒரு பதிவின் காலத்தை இரு எல்லைகளுக்குள் அடக்கலாம். ஓர் உரைத்திருத்தத்தின் தாய்ப்பதிவை வழங்கி மார்ச் 3 அன்று முதன்முதலாகப் பெற்றுள்ளது. சேய்ப்பதிவை மார்ச் 9 அன்று பெற்றுள்ளது எனின், மார்ச் 9 உறுதியான பின்னெல்லை. தாய்ப்பதிவை ஆக்கியவர் வேறொருவராக இருந்து, அவர் பதிவு வழங்கியின் வழியாக மட்டுமே பகிரப்பட்டிருப்பின், மார்ச் 3 முன்னெல்லையாகும். தாயும் சேயும் ஒருவருடையனவாயின் முன்னெல்லை பெறப்படாது. இரண்டையும் அவர் தம் கணினியில் முன்னரே எழுதியிருத்தல் கூடும்.

9. முடிவுரை

நேர முத்திரை என்பது காலமன்று. ஒரு கடிகாரம் காலத்தைப் பற்றிக் கூறிய கூற்று. அக்கடிகாரம் நகரலாம், விலகலாம், மாற்றப்படலாம். பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் வளர்ச்சி, நேரத்தை நம்பும் நிலையிலிருந்து உறவை நம்பும் நிலைக்குப் படிப்படியாக நகர்ந்ததாகக் காணப்படுகிறது.

தமிழ் மின்பதிப்புப் பணிகளுக்கு இதிலிருந்து பெறப்படுவன சில. பாடத்திருத்தங்களைத் திருத்தத்திற்கு ஒரு பதிவாகச் செய்து உடனுக்குடன் பொது வழங்கியில் ஏற்றுதல் வேண்டும். திருத்தம் செய்தவர், பயன்படுத்திய ஏடு, காரணம் ஆகியன விளக்கக் குறிப்பில் இடம்பெற வேண்டும். முடிவுற்ற பணியை ஆவணக் காப்பகத்தில் சேர்க்கும்போது கோப்புகளை மட்டும் தருதல் போதாது. பதிவுச் சங்கிலியை முழுமையாகத் தருதல் வேண்டும். கோப்புகள் மட்டும் எஞ்சுமாயின், திருத்தியவர்களின் பெயரும் வரிசையும் அழிந்து, கடைசியாகப் படியெடுத்த நாள் ஒன்றே எஞ்சும். தாய் ஏட்டை இழந்து, படியெடுத்தவன் நாட்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆராயும் நிலையை நாமே வருங்கால ஆய்வாளர்க்கு உருவாக்கியவர் ஆவோம்.